ஆண்களுக்கும் மெனோபாஸ் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு ஆண் சோர்வு, எரிச்சல், தூக்கம் போதவில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று எதைச் சொன்னாலும் "அது ஆண்களுக்கு வரும் மெனோபாஸ்" என்று ஒரு பதில் இப்போதெல்லாம் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலோடு ஒரு ரத்தப் பரிசோதனையும், பின்னாலேயே ஒரு ஜெல்லோ ஊசியோ வந்துவிடுகிறது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உண்டா, இல்லையா?

இல்லை. எல்லோருக்கும், ஏறக்குறைய ஒரே வயதில், சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிகிற ஹார்மோன் மாற்றம் ஆண்களுக்குக் கிடையாது. ஆண்களின் முக்கியப் பாலியல் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வயதோடு மெல்லக் குறைவது உண்மை. சிலருக்கு அது சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் குறைவதும் உண்மை. ஆனால் அந்தச் சிலரில் பெரும்பாலோருக்கு வயதைத் தவிர வேறொரு காரணமும் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் "வயசாச்சு, ஹார்மோன் குறைஞ்சிருக்கு" என்று முடித்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

பெண்களுக்கு நடப்பதில் ஆண்களுக்கு நடக்காதது என்ன?

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு புதிதாக உருவாவதில்லை, கரைந்துகொண்டேதான் போகின்றன. ஐம்பதை ஒட்டி கையிருப்பு தீர்கிறது. முட்டைகளைச் சுற்றியிருக்கும் செல்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் சுரக்கின்றன என்பதால், முட்டைகள் தீரும்போது ஹார்மோனும் கூடவே சரிந்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு.

ஆணின் விரைகளில் விந்தணுக்களை உண்டாக்கும் மூலச் செல்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்பவை. டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் வயதோடு கொஞ்சம் குறையும், கொஞ்சம் மந்தமாகும். தீர்ந்துபோவதில்லை. முப்பதுகளின் பின்பகுதியிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 1 சதவீதம் குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாற்பதில் இருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் அறுபதில் குறைந்திருக்கும். எழுபது வயதிலும் இளைஞர்களுக்கான இயல்பு வரம்புக்குள் இருக்கும் ஆண்கள் ஏராளம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் மிக இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் வயதாக ஆக அதிகமாகிறது. அதனால் மொத்த அளவு குறைவதைவிட, திசுக்களுக்கு எளிதில் கிடைக்கும் 'தனி' டெஸ்டோஸ்டிரோன் வேகமாகக் குறைகிறது. பரிசோதனை பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

சரி, உண்மையாகவே குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர்?

இதற்கு நம்பகமான பதில் தந்தது ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு. 40 முதல் 79 வயதுக்குட்பட்ட 3,369 ஆண்களைப் பரிசோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். "ஆண் மெனோபாஸ்" என்று சொல்லப்படும் அறிகுறிகள் 32-ஐ எடுத்துக்கொண்டு, எவையெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் அளவோடு சேர்ந்து போகின்றன என்று பார்த்தார்கள். ஒன்பதுதான் தேறின. அந்த ஒன்பதிலும் ஹார்மோன் குறைவோடு தெளிவாக ஒட்டி நின்றவை மூன்று: விடியற்கால விறைப்பு குறைவது, பாலியல் எண்ணம் குறைவது, உறவின்போது விறைப்பு கிடைக்காமல் போவது.

இந்த மூன்றும் சேர்ந்து, ரத்தத்தில் ஹார்மோனும் குறைந்திருந்தால்தான் குறைபாடு என்று வைத்துக்கொண்டபோது கிடைத்த எண்ணிக்கை 2.1 சதவீதம். வயதுவாரியாகப் பார்த்தால் நாற்பதுகளில் 0.1 சதவீதம், ஐம்பதுகளில் 0.6, அறுபதுகளில் 3.2, எழுபதுகளில் 5.1. நாற்பதுகளில் ஆயிரத்தில் ஒருவர் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆண் மெனோபாஸ் விளம்பரங்கள் அதிகம் குறிவைப்பது அந்த வயதுக்காரர்களைத்தான்.

வயதாவதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

முதல் காரணம் எடை, அதிலும் வயிற்றுக் கொழுப்பு. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் எதிர்ப்பு எஸ்.எச்.பி.ஜி.-யைக் குறைக்கிறது. உடற்பருமனில் இருக்கும் அழற்சி மூளையிலிருந்து வரும் உத்தரவையே மந்தமாக்குகிறது. இப்படி மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் கணிசமானோருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். நல்ல சேதி என்னவென்றால், இதில் பெரும்பகுதி திரும்பக் கூடியது. எடை குறையக் குறைய அளவு ஏறுகிறது. இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்து எடையை வெகுவாகக் குறைத்தவர்களிடம் இந்த ஏற்றம் மிக நன்றாகத் தெரிகிறது.

அடுத்தது தூக்கம். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஏறுகிறது. ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. வயதால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏற்படும் குறைவு ஒரே வாரத்தில் வந்துவிட்டது! குறட்டையும் மூச்சுத்திணறலும் சேர்ந்த தூக்கக் கோளாறு உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

மருந்துகளும் காரணமாகலாம். நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும் ஓபியாய்டு வலி மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள் இரண்டும் அளவை இறக்கும். அளவுக்கு மீறிய மதுவும் அப்படித்தான். உடலைக் கட்டுவதற்காக இளமையில் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அதை நிறுத்திப் பல மாதங்கள் ஆன பிறகும் சொந்தச் சுரப்பு திரும்பாமல் இருப்பதுண்டு.

அப்புறம், நேரடியான நோய்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய், பொன்னுக்கு வீங்கியில் பாதிக்கப்பட்ட விரைகள், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை. இந்தக் கடைசி நிலை உள்ளவர்களில் பலர் அது தெரியாமலே நடுவயதுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில், தங்கள் உடல்நலம் மிக நன்றாக இருப்பதாகச் சொன்ன நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வயதுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அங்கே தொடர்பே தெரியவில்லை. அளவோடு ஒட்டிப் போனது உடற்பருமன்தான். என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் ஒரே ஓர் ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஹார்மோன் குறைந்ததால் உடல் கெட்டது என்று நாம் படிக்கிற பல கதைகள், உடல் கெட்டதால் ஹார்மோன் குறைந்த கதைகள்.

ஆண்களுக்கும் திடீர் உடல் சூடு, வியர்வை எல்லாம் வருமா?

வயதால் மெல்லக் குறையும்போது வராது. திடீரென்று, பெருமளவு குறைந்தால் வரும். புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை அடியோடு நிறுத்தும் ஊசி போட்டுக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அனுபவிக்கிறார்கள். முகமும் மார்பும் குப்பென்று சூடேறுவது, வியர்த்துக் கொட்டுவது, இரவில் விழிப்பு, எலும்பு தேய்வது, தசை கரைந்து கொழுப்பு கூடுவது என மெனோபாஸுக்கு மிக நெருக்கமான ஒன்று அவர்களுக்குத்தான் நிஜமாக நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சிகிச்சை எதுவும் எடுக்காத ஒரு ஆணுக்கு இரவில் வியர்த்துக் கொட்டினால் ஹார்மோன் என்று தள்ளிவிடக் கூடாது. காசநோய், தைராய்டு மிகுதி, நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

எனக்கு 48 வயது. எப்போதும் களைப்பு, எதிலும் பிடிப்பில்லை. இது என்னதான்?

பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. மனச்சோர்வு முதலிடத்தில் இருக்கும். ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட எரிச்சலாக, குடியாக, வேலையில் மூழ்குவதாக, எதையும் தொடாமல் ஒதுங்குவதாக வெளிப்படுவது அதிகம். அதனால் அவருக்கும் தெரிவதில்லை, வீட்டாருக்கும் தெரிவதில்லை. அடுத்து தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள்.

இணையத்தில் சுற்றும் "உங்களுக்கு ஆண்ட்ரோபாஸ் இருக்கிறதா?" என்ற பத்துக் கேள்விப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள் (ஆண்ட்ரோபாஸ் என்பது ஆண் மெனோபாஸுக்கு இன்னொரு பெயர்). இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருகிறதா, விளையாட்டில் திறன் குறைந்திருக்கிறதா, வேலையில் முன்போலச் செய்ய முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டி உருவான பட்டியல் அது. குறைபாடு உள்ளவர்களைப் பெரும்பாலும் பிடித்துவிடும்; இல்லாதவர்களையும் கூட்டமாகப் பிடித்துவிடும். நடுவயதில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராத மனிதர் யார்?

விறைப்புக் குறைவு மட்டும்தான் எனக்குப் பிரச்சினை. அது ஹார்மோன்தானே?

நாட்டம் நன்றாக இருந்து விறைப்பு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் ரத்தக் குழாய்ப் பிரச்சினை. ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை. குழாய்களின் உட்சுவர் கெடத் தொடங்கினால் முதலில் பாதிப்பு தெரியும் இடம் அதுதான். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவு தோன்றியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே நாற்பதுகளில் இது தொடங்கினால் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ ஒரு மாத்திரையை ரகசியமாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். புகைப்பவராக இருந்தால் அதைப் பற்றியும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு எளிய அடையாளம்: விடியற்காலையில் விறைப்பு வழக்கம்போல இருந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் இல்லையென்றால் காரணம் மனதிலோ உறவிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் இல்லை, நாட்டமும் இல்லை என்றால்தான் ஹார்மோன் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

பரிசோதனையை எப்படி, எப்போது எடுக்க வேண்டும்?

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். மாலை ஆறு மணிக்கு, சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து யாராவது குறைபாடு என்று சொன்னால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, கடுமையான நோய் இருக்கும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். அப்போது யாருக்கும் குறையும்.

ஒரு தடவை குறைவாக வந்தால் போதாது. வேறொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். முதல் தடவை குறைவாக வந்து, இரண்டாவது தடவை இயல்பாக வருபவர்கள் நிறைய.

எவ்வளவு இருந்தால் குறைவு என்பதில் மருத்துவ அமைப்புகளிடையே சிறு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல், பருமன் இல்லாத இளைஞர்களை வைத்துக் கணக்கிட்ட 264-ஐக் கீழ் எல்லையாகச் சொல்கிறது. இரண்டு அமைப்புகளும் ஒத்துப்போகும் இடம் முக்கியமானது: எண் மட்டும் குறைந்தால் நோய் இல்லை, அறிகுறி மட்டும் இருந்தாலும் நோய் இல்லை, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட் லிட்டருக்கு நானோமோல் கணக்கில் வந்திருந்தால் 29-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய நானோகிராம் கணக்கு கிடைக்கும்.

உடல் பருமனானவர்களுக்கு எஸ்.எச்.பி.ஜி. குறைவு என்பதால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தும் தனி டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருக்கலாம். முதியவர்களிடம் இதற்கு நேர்மாறு. எல்லையை ஒட்டி எண் வரும்போது தனி அளவையும் கணக்கிட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இரண்டு தடவையும் குறைவாக வந்துவிட்டது. நேராக ஊசியா?

நேராக அடுத்த பரிசோதனை. எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். அவை உயர்ந்திருந்தால் விரைகளில் கோளாறு. மூளை உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது, உற்பத்தி நடக்கவில்லை. குறைவாகவோ, இருக்க வேண்டிய அளவுக்கு உயராமலோ இருந்தால் கோளாறு மேலே இருக்கிறது. அப்போது பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும் இரும்புச்சத்தையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். புரோலாக்டினைச் சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே அது சுருங்கும். டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறிவிடும். தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது, மார்பு வீங்குவது, மார்பிலிருந்து கசிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து ஜெல் கொடுக்கிற கிளினிக்குகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இந்தப் பரிசோதனைகளைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் இளமை திரும்புமா?

65 வயதைக் கடந்த, டெஸ்டோஸ்டிரோன் 275-க்குக் கீழே இருந்த 790 அமெரிக்க ஆண்களுக்கு ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ, ஹார்மோன் இல்லாத வெற்று மருந்தோ கொடுத்துப் பார்த்தார்கள். முதல் முடிவுகள் 2016-இல் வந்தன. அந்த 790 பேரைப் பிடிப்பதற்கு 51,085 பேரைச் சலிக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு சேதிதான்.

நாட்டமும் பாலியல் செயல்பாடும் கூடின, ஆனால் மிதமாக. ஆண்டு முடிவதற்குள் அந்த ஏற்றம் கொஞ்சம் தேய்ந்தும் போனது. மனநிலையில் சிறு முன்னேற்றம். எலும்பு அடர்த்தி கூடியது, ரத்தசோகை சரியானது. களைப்பு? அதற்கென்று வைத்த அளவுகோலில் வெற்று மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஞாபக சக்தியிலும் எதுவும் மாறவில்லை. பெரும்பாலோர் ஹார்மோன் கேட்டு வருவது களைப்புக்கும் மறதிக்கும்தான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

விரைகளோ பிட்யூட்டரியோ பழுதாகி, டெஸ்டோஸ்டிரோன் அடியோடு இல்லாமல் போனவர்களின் கதை முற்றிலும் வேறு. அவர்களுக்கு இது மறுக்க முடியாத, வாழ்க்கையையே மாற்றுகிற சிகிச்சை. சிக்கல் என்னவென்றால் அவர்களுக்குக் கிடைத்த பலனை எடுத்து, வயதானவர்களுக்கு விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் தலையிட்டு, வயதால் மட்டும் குறையும் டெஸ்டோஸ்டிரோனுக்கு இந்த மருந்துகளின் பலனும் பாதுகாப்பும் நிரூபிக்கப்படவில்லை என்று லேபிளிலேயே எழுத வைத்தது.

இதயத்துக்கு ஆபத்தா?

பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. இதய நோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமுள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 5,246 ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்த்து ஜெல் குழுவில் 7.0 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 7.3. அதாவது பெரிய பயம் தேவையில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்குலைவு, நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீர் சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் ஜெல் குழுவில் கொஞ்சம் அதிகம். அதைவிட ஆச்சரியம், எலும்பு முறிவும் ஜெல் குழுவில்தான் அதிகம்: 3.5-க்கு 2.46 சதவீதம். அடர்த்தி கூடுகிறது, முறிவு குறையவில்லை. ஸ்கேனில் தெரியும் எண்ணை வைத்து மட்டும் மருந்தைப் புகழக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

புராஸ்டேட் புற்றுநோய் வருமா?

இருக்கும் புற்றுநோயை டெஸ்டோஸ்டிரோன் வளர்க்கும் என்பது 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் செய்த ஆய்விலிருந்தே தெரியும். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். எனவே புராஸ்டேட் புற்றுநோய் தீவிரமாக உள்ளவர்களுக்கு இது கூடாது. இல்லாதவர்களுக்குப் புதிதாக உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை; டிராவர்ஸில் தீவிர வகைப் புற்றுநோய் இரு குழுக்களிலும் அரிதாகவே இருந்தது. தொடங்கும் முன்பும், தொடங்கிய முதல் ஆண்டிலும் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள்.

அதைவிட அடிக்கடி வரும் பிரச்சினை ரத்தம் தடிப்பது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் இது கூடுதல்.

இன்னும் குழந்தை வேண்டும். எடுக்கலாமா?

கூடாது. இதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதலாம்.

மேல்தொட்டி நிரம்பியிருந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும் அல்லவா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விரைகளுக்குள் விந்தணு உருவாக அங்கே உள்ளேயே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வேண்டும். உத்தரவு நின்றதும் அது சரிகிறது, விந்தணுவும் நிற்கிறது, விரைகள் சிறுக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும். குழந்தை விரும்புபவர்களுக்கு, விரைகளைத் தூண்டிச் சொந்தச் சுரப்பை ஏற்றும் எச்.சி.ஜி., குளோமிஃபீன் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

ஆண்கள் எந்த வயதிலும் தந்தையாகலாம் என்பது சரிதானா?

முடியும். ஆனால் இலவசமாக அல்ல. விந்தின் அளவும் விந்தணுவின் ஓட்டமும் குறைகின்றன. தந்தையின் வயது ஏற ஏற விந்தணு மரபணுவில் புதிய பிழைகளும் கூடுகின்றன.

மூலிகை, 'பூஸ்டர்' மாத்திரைகள்?

நெருஞ்சில் சாறு அடைத்த மாத்திரைகள் இந்த வகையில் பரவலாக விற்பவை. மனிதர்களிடம் செய்த சோதனைகளில் டெஸ்டோஸ்டிரோனை அவை ஏற்றவில்லை. துத்தநாகக் குறைபாடு உள்ளவருக்குத் துத்தநாகம் உதவும், இல்லாதவருக்கு உதவாது. 'இயற்கை' என்று எழுதிய சில டப்பாக்களில் சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மருந்து சொல்லாமல் கலந்திருந்தது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

இந்த ஆண் மெனோபாஸ் பேச்சு எப்போது தொடங்கியது?

சுவையான கதை. 1889-இல் பாரிஸில் சார்லஸ் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினியா பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, பலம் திரும்பிவிட்டது, மூளை சுறுசுறுப்பாகிவிட்டது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். அவர் சாறு எடுத்தது தண்ணீரில். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரைவதில்லை. அவருடைய செய்முறையையே பின்பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அளந்து பார்த்தபோது, உடலில் எந்த விளைவையும் ஏற்படுத்தப் போதாத துளி அளவுதான் இருந்தது. அவர் உணர்ந்தது முழுக்க நம்பிக்கையின் பலம். ஆனாலும் ஊசி உலகம் முழுக்கப் பரவியது.

அப்புறம் 1920-களில் செர்ஜ் வோரனாஃப் என்ற அறுவை மருத்துவர் குரங்கின் விரைத் துண்டுகளைப் பணக்காரர்களுக்கு ஒட்டவைத்தார். வியன்னாவில் ஸ்டைனாக் என்ற உடலியல் ஆய்வாளர், விந்துக் குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்றார். சிக்மண்ட் ஃபிராய்ட், கவிஞர் யேட்ஸ் இருவரும் அந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். 1935-இல் டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அதில் பங்காற்றிய பூட்டனாண்ட், ருசிக்கா இருவருக்கும் 1939-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

1944-இல் ஹெல்லர், மையர்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விஷயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். நடுவயது மாற்றம் என்று வந்தவர்களின் சிறுநீரில் பிட்யூட்டரி ஹார்மோனை அளந்தார்கள். அது உயர்ந்திருந்தவர்கள், அதாவது விரைகள் பழுதானவர்கள், டெஸ்டோஸ்டிரோனில் குணமானார்கள். இயல்பாக இருந்தவர்களுக்கு ஊசி பலிக்கவில்லை. பிரச்சினை மனம் சார்ந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த இந்தப் பாடத்தை இன்றைய சில கிளினிக்குகள் இன்னும் படிக்கவில்லை.

கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். அவரிடம் ஹார்மோன் பரிசோதனை பற்றி எப்படிப் பேசுவது?

ஹார்மோனிலிருந்து தொடங்காதீர்கள், "உங்களுக்கு மெனோபாஸ்" என்று கேலியாகச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவர் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்பது அவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொதுப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். எதிலும் அர்த்தமில்லை, நான் இல்லாவிட்டால் நல்லது என்ற மாதிரி அவர் பேசத் தொடங்கினால், பரிசோதனை எல்லாம் பிறகு. உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டுமா?

விரைகளோ பிட்யூட்டரியோ நிரந்தரமாகப் பழுதானவர்களுக்குப் பெரும்பாலும் ஆம். மற்றவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பரீட்சார்த்தமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் அளவு சரியாகியும் நாட்டத்தில் மாற்றம் இல்லையென்றால், காரணம் டெஸ்டோஸ்டிரோன் இல்லை என்று பொருள், நிறுத்திவிடலாம். ஜெல் பூசுபவர்கள் பூசிய இடத்தை மூடி வைத்து, கையை நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தைகளின் தோலில் ஒட்டினால் அவர்களுக்கு வயதுக்கு மீறிய பருவ மாற்றங்கள் தோன்றியிருக்கின்றன.

நிறுத்தும்போது ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சொந்தச் சுரப்பு விழித்துக்கொள்ள வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் முன்னைவிடக் களைப்பாக இருக்கும். 'மருந்து இல்லாமல் முடியாது போல' என்று பலர் மறுபடி ஜெல்லுக்குத் திரும்புவது அப்போதுதான். டாக்டரின் மேற்பார்வையில் சில மாதம் பொறுத்து, காலை வெறும் வயிற்றில் ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.